போலி நம் கையோடு நிற்கட்டும்!

 



பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, விலை பேசி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. துணி என்றால் இழையை இழுத்துப் பார்ப்போம். அரிசி என்றால் உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்ப்போம். இன்றோ கைப்பேசித் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம். விற்பவரின் முகம் தெரியாது, அவருடைய ஊர் தெரியாது, பொருளும் நம் முன்னே இல்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் போலிப் பொருள் ஒன்று நம் வீடு தேடி வந்துவிட்டால் நமக்குரிய உரிமை என்ன? அந்த உரிமையைத் தேடும்போது நாம் தாண்டக் கூடாத எல்லை எது? இவ்விரண்டையும் இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

ஓர் இளைஞரின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் வராந்தாவில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். மாலை நேரத்தில் ஒரு கடையில் வேலை செய்து தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிற நல்ல பிள்ளை அவர்.

“ஹஜ்ரத்! ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்றார்.

“கேளுங்கள் தம்பி” என்றேன்.

ஆன்லைனில் பிரபல நிறுவனத்தின் பெயர் பொறித்த கைப்பேசி சார்ஜர் ஒன்றை 1,799 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். பெட்டியும் முத்திரையும் அசல் போலவே இருந்தன. பத்தாம் நாள் இரவு சார்ஜரிலிருந்து கருகிய வாடை வருவதை அவருடைய தங்கை கவனித்துப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். மறுநாள் விசாரித்தபோது அது டூப்ளிகேட் என்று தெரிந்தது. ஆனால் ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அந்த விற்பனைத் தளத்தின் நிபந்தனை. நாட்கள் கடந்துவிட்டன.

அவருடைய நண்பர்கள் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதே தளத்தில் அதே சார்ஜரை நம்பகமான வேறொரு விற்பனையாளரிடமிருந்து மீண்டும் வாங்க வேண்டும். அசல் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் பழைய போலியை வைத்து, “பிடிக்கவில்லை” என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரண்டாவது கொள்முதலுக்குக் கட்டிய பணம் முழுவதும் வந்துவிடும்.

“ஹஜ்ரத்! ஏமாந்தவன் நான். அவர்கள் என்னிடம் அநியாயமாக எடுத்ததைத்தானே நான் திரும்ப எடுக்கிறேன்? இது கூடுமா?” என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. “நாளை சொல்கிறேன் தம்பி, அதுவரை எதையும் செய்துவிடாதீர்கள்” என்று அனுப்பி வைத்தேன். அவருடைய கேள்வியில் இருந்த வேதனை உண்மையானது. 1,799 ரூபாய் அவருக்குச் சிறிய தொகை அன்று. கேட்காமலே செய்துவிடக்கூடிய ஒரு காரியத்தை மார்க்கத்தின் முன் கொண்டுவந்து வைத்த அந்தப் பிள்ளைக்கு, கிதாபுகளைப் பார்க்காமல் அவசரத்தில் ஒரு வார்த்தை சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

ஈரத்தை உள்ளே மறைத்தவர்

முதலில், போலிப் பொருள் விற்பது மார்க்கத்தின் பார்வையில் எத்தகைய குற்றம் என்பதைப் பார்ப்போம். வியாபாரம் இருவரின் மனப்பொருத்தத்தின் மீது நிற்க வேண்டும் என்று திருமறை நான்காம் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் போதிக்கிறது. அசல் என்று நம்பி ஒருவர் பணம் கொடுக்கிறார். அவருக்குப் போலி தரப்படுகிறது. அவர் பொருந்திக்கொண்டது அசலைத்தான், போலியை அன்று. ஆகவே அங்கே பொருத்தம் ஊனமாகிவிட்டது.

மதீனாவின் கடைவீதியில் நடந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது தம் திருக்கரத்தை அதனுள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! அந்தத் தானியம் போலி அன்று, அசல் தானியம்தான். அதில் விழுந்த மழையும் அந்த வியாபாரியின் செயல் அன்று. அவர் செய்ததெல்லாம் குறையுள்ள பகுதியை உள்ளே வைத்து நல்லதை வெளியே காட்டியது மட்டுமே. அதற்கே இந்த எச்சரிக்கை என்றால், திரையில் அசலின் படத்தைக் காட்டிவிட்டுப் பெட்டியில் போலியை வைத்து அனுப்புவோரின் நிலை என்ன?

பால் கறக்காமல் மடியைக் கட்டி, நிறையப் பால் தரும் ஆடு போல் காட்டி விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவர் கறந்து பார்த்து உண்மையை அறிந்த பின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இந்தத் தீர்ப்பில் இரு பக்கமும் நீதி இருப்பதைப் பாருங்கள். ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் ஏமாற்றியவருடைய பாலையும் அவர் இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாது!

வாங்கும் எண்ணமே இன்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை மயக்கும் நஜ்ஷு என்ற செயலும் தடுக்கப்பட்டதே. காசு வாங்கிக்கொண்டு, தாம் தொட்டுக்கூடப் பார்க்காத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து “மிக அருமை” என்று எழுதுகிறார்களே, அது இதற்கு ஒப்பானதுதான். நம் பிள்ளைகள் சிலர் இதைப் பகுதி நேர வேலை என்று நினைத்துச் செய்கிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும்.

திருப்பிக் கொடுப்பது உரிமையா, உபகாரமா?

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது இரு வகைப்படும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல சச்சரவுகள் எழுகின்றன.

முதல் வகை, பொருளில் குறை இருப்பதால் திருப்பிக் கொடுப்பது. நம் கைக்கு வரும் முன்பே அப்பொருளில் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் பெறும் உரிமை நமக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்களில் இதற்கு “கியாருல் ஐப்” என்று பெயர். இது விற்பவர் காட்டும் தயவு அன்று; நம்முடைய ஹக்கு. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பின், குறை இல்லாவிட்டாலும் விட்டுவிடும் உரிமையை ஹனஃபி மத்ஹபு தனியாக வழங்குகிறது. தன்மைகளை விவரித்து விற்கப்பட்ட பொருள் அந்த விவரிப்பின்படி இல்லையென்றால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் வாங்கியவருக்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபிலும் தெளிவு.

இந்த உரிமைக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. குறை தெரிந்த உடனேயே தாமதிக்காமல் திருப்ப வேண்டும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் கூறுகின்றனர். குறை தெரிந்த பிறகும் அப்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதைப் பொருந்திக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஹனஃபி அறிஞர்கள் கூறுகின்றனர். எனவே போலி என்று அறிந்த கணமே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, முறையிட வேண்டும். “கிடைக்கும் வரை உபயோகிப்போம், பிறகு பார்ப்போம்” என்பது சரியன்று.

இரண்டாம் வகை, பொருளில் குறை ஏதும் இல்லை. மனம் மாறியதால் திருப்புவது. விற்றவர் முன்பே நிபந்தனையாக ஒப்புக்கொண்டிருந்தால் அதன்படி திருப்பலாம். இல்லையென்றால் அது அவர் செய்யும் உபகாரம். “இகாலா” எனப்படும் இதை ஏற்கும் வியாபாரியின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிக்கிறான் என்ற நற்செய்தியை அபூதாவூதில் காண்கிறோம். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பலகை எழுதி மாட்டும் முன் இந்த நற்செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொறுமை என்றால் வாய்மூடி இருப்பதா?

இவ்விடத்தில் என்னுடைய ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார்கள். தனியாக வாழ்பவர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை, பக்கத்து வீட்டுப் பெண் மூலம் ஆன்லைனில் வாங்கியிருக்கிறார்கள். அது காட்டிய எண்ணை நம்பி, அழுத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணி, மாத்திரையையும் தாமாகவே குறைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோதுதான் கருவி காட்டுவது பொய் என்றும், அது பெயர் பெற்ற நிறுவனத்தின் போலி என்றும் தெரியவந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பெரிய ஆபத்து நேரவில்லை. “நான் என்ன செய்வது ஹஜ்ரத்?” என்று கேட்டார்கள். “போனது போகட்டும் பெரியம்மா, ஸப்ரு செய்யுங்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொல்லும்போது அது நல்ல உபதேசமாகத்தான் தோன்றியது. இந்த இளைஞரின் கேள்விக்காகக் கிதாபுகளைப் புரட்டிய இரவில்தான் என் தவறு எனக்கே உறைத்தது. ஸப்ரு என்பது வழியில்லாத இடத்தில் அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்வது. வழி இருக்கும் இடத்தில் அநியாயத்தை நடக்க விடுவது ஸப்ரு ஆகாது. அநியாயம் இழைப்பவரைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. நான் வாய்மூடச் சொன்ன காரணத்தால் அதே விற்பனையாளர் இன்னும் எத்தனை மூதாட்டிகளுக்கு அக்கருவியை அனுப்பினாரோ!

நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்து கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர் மீது பாய முனைந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களோ, உரிமை உள்ளவருக்குப் பேசும் உரிமையும் உண்டு என்று கூறித் தடுத்தார்கள். அவருக்கு அவருடையதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். இது புகாரியில் உள்ள சம்பவம். படைப்பினங்களில் சிறந்தவரிடமே தம் ஹக்கைக் கேட்க ஒருவருக்கு இடம் இருந்தது என்றால், ஒரு விற்பனைத் தளத்திடம் நம் ஹக்கைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

நாட்டுச் சட்டம் தரும் வழி

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் இணையவழி வணிகத்திற்கென்று தனி விதிகளும் வெளியிடப்பட்டன. வாங்குவோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை இவை:

ஒன்று: பொருள் குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இந்த விதியில் ஏழு நாள், பத்து நாள் என்ற எல்லை கூறப்படவில்லை. ஆயினும் தாமதிக்கத் தாமதிக்க நிரூபிப்பது கடினமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு: ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.

மூன்று: தளத்தில் பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் நீதிமன்றம் அல்லர். ஆனால் நம் புகாரை நிறுவனத்திடம் கொண்டுசென்று தீர்வு கேட்பார்கள்.

நான்கு: அதிலும் பயனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடவும் முடியும். 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட “இ-ஜாக்ரிதி” தளத்தின் வழியாக வீட்டிலிருந்தபடியே மனுவைப் பதிவு செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் வேண்டும். கடனைக்கூட எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று விரிவாகப் போதித்த வேதத்தைக் கொண்டவர்கள் நாம். ஆகவே பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பொருளின் படமும் விலையும் விற்பவரின் பெயரும் உள்ள பக்கத்தை வாங்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமான பொருள் என்றால் பார்சலின் முகவரிச் சீட்டு தெரியும்படி காட்டி, பிரிப்பதை இடைவெளி இல்லாமல் வீடியோ எடுங்கள்.

பொருளைச் சோதிக்கவும் வழி உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் “பிஐஎஸ் கேர்” என்ற செயலியில், சார்ஜர் போன்ற மின்னணுப் பொருட்களின் மீது உள்ள பதிவு எண்ணையும், ஐஎஸ்ஐ முத்திரைப் பொருட்களின் உரிம எண்ணையும், தங்க நகையில் பொறிக்கப்பட்ட ஆறு எழுத்து அடையாளத்தையும் இட்டுப் பார்க்கலாம். எண் அங்கே இல்லையென்றாலோ வேறு நிறுவனத்தின் பெயரைக் காட்டினாலோ சந்தேகம் உறுதியாகிறது. எண் சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். போலி செய்பவர் எண்ணையும் நகலெடுக்கக்கூடும்.

இன்னொரு எச்சரிக்கை. பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை வாடிக்கையாளர் சேவை என்று நம்பி அழைக்காதீர்கள். தளத்திலோ செயலியிலோ உள்ள எண்ணை மட்டுமே நாடுங்கள். பணம் நம் கணக்கிற்கு வருவதற்கு இரகசிய எண்ணைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை. யாரேனும் தட்டச் சொன்னால் அது மீண்டும் ஒரு மோசடி. அப்படிப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ஏமாற்றியவரை ஏமாற்றலாமா?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

தமக்கு வரவேண்டிய உரிமையை, தர வேண்டியவரின் பொருளிலிருந்து அவர் அறியாமல் எடுத்துக்கொள்ளலாமா என்பது ஃபுகஹாக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்த மஸ்அலா. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய செலவுத் தொகை தராத கணவர் அபூஸுஃப்யான் (ரலி) அவர்களைப் பற்றி ஹிந்து (ரலி) அவர்கள் முறையிட்டபோது, நியாயமான அளவு எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு சில நிபந்தனைகளுடன் அனுமதித்த அறிஞர்கள் உண்டு. மறுபக்கம், நம்பி ஒப்படைத்தவரிடம் அமானிதத்தை ஒப்படைக்க வேண்டும், துரோகம் செய்தவருக்கும் துரோகம் செய்யக் கூடாது என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்துள்ள நபிமொழியைக் கொண்டு கூடாது என்றவர்களும் உண்டு.

ஆனால் சகோதரர்களே! அனுமதித்தவர்களின் கருத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த இளைஞரின் காரியம் அதில் அடங்காது. மறுநாள் அவரிடம் மூன்று காரணங்களைச் சொன்னேன்.

முதலாவது, அந்த அறிஞர்கள் பேசுவது கடன்பட்டவருடைய பொருளைப் பற்றி. ஒரு விற்பனைத் தளத்தில் பல்லாயிரம் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். போலியை அனுப்பியவர் ஒருவர். அசலை இப்போது அனுப்பப் போகிறவர் வேறொருவர். பெட்டியில் போலியைத் திணித்து அனுப்பினால், உங்கள் 1,799 ரூபாய் இழப்பு எவ்விதக் குற்றமும் செய்யாத ஒரு சிறு வியாபாரியின் தலையில் விழும். அவரும் உங்களைப் போல் உழைத்து வாழ்பவராக இருக்கலாம். ஸைத் செய்த திருட்டுக்கு அம்ரின் பையில் கைவிடுவது எந்த மத்ஹபிலும் கூடாது.

இரண்டாவது, “பிடிக்கவில்லை” என்று எழுதி, அசலின் பெட்டியில் போலியை அனுப்புவது வெளிப்படையான பொய். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்று சூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது. உரிமையைக் கேட்டுப் பெறும் வழி திறந்திருக்கும்போது பொய்யின் வழியாகப் போக நமக்கு என்ன நிர்ப்பந்தம்?

மூன்றாவதுதான் என்னை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது. திருப்பி அனுப்பப்படும் பொருள் எங்கே போகிறது? சேதமில்லாமல் இருப்பதாகத் தோன்றினால் அது மறுபடியும் விற்பனைக்கு வைக்கப்படுவதுண்டு. உங்கள் தங்கை கருகிய வாடையைக் கவனித்துப் பிடுங்கிப் போட்டாளே, அதே சார்ஜர் நாளை வேறொரு வீட்டில் உறங்கும் குழந்தையின் தலைமாட்டில் செருகப்படலாம். அங்கே கவனிக்க ஒரு தங்கை விழித்திருப்பாளா? முதலில் அதை விற்றவர் நீங்கள் அறியாத ஒருவர். இரண்டாவது முறை அதை அனுப்புகிறவர் நீங்களாக இருப்பீர்கள், அதுவும் அதன் குறையை நன்கு அறிந்த நிலையில்!

அந்தப் பிள்ளை நெடுநேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். பிறகு, “அப்படியானால் அது என் கையோடு நிற்கட்டும் ஹஜ்ரத்” என்றார். இக்கட்டுரையின் தலைப்பு அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

இருவரும் அமர்ந்து குறைதீர் அதிகாரிக்கு ஒரு புகார் எழுதினோம். மறுநாளே பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து, காலக்கெடு முடிந்துவிட்டது என்று மறுத்தார்கள். 1915க்கு அழைத்துப் பதிவு செய்தார். மேலும் இரண்டு வாரங்களுக்குப் பின் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்றும் தெரிவித்தார்கள். அவர் அந்தச் சார்ஜரின் வயரைத் துண்டித்து, மீண்டும் யாருக்கும் பயன்படாதவாறு உடைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் போட்டுவிட்டு வந்தார்.

எல்லோருக்கும் இப்படிப் பணம் கிடைத்துவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. கிடைக்காமலும் போகலாம். அப்போது மறுமையில் வசூலாகும் கணக்கில் அது நிற்கும். தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்தையும் கொண்டுவந்தும், பிறர் பொருளைத் தின்ற காரணத்தால் நன்மைகளை இழந்து ஓட்டாண்டியாக நிற்பவரைப் பற்றிய நபிமொழி நாம் அறிந்ததே. அந்த நாளில் நாம் வாங்குபவராக இருப்பது நல்லது; கொடுப்பவராக இருந்துவிடக் கூடாது.

அணிந்துவிட்டுத் திருப்புவோர்

நம் வீடுகளிலும் ஒரு பழக்கம் புகுந்துள்ளது. பெருநாளைக்கோ திருமணத்திற்கோ விலை உயர்ந்த ஆடையை வரவழைத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் அணிந்து, நிகழ்ச்சி முடிந்ததும் “அளவு சரியில்லை” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை எச்சரித்து ஒரு தனி அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தராசு கடைக்காரரின் கையில் மட்டும் இல்லை; திருப்பி அனுப்பும் நம் கையிலும் இருக்கிறது. ஒரு முழுப் பொருளைப் பெற்று, பயன்படுத்தித் தேய்ந்த பொருளைத் திருப்பித் தருவதும் அளவில் குறைப்பதுதான். கறந்த பாலுக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து, பிறருடைய ஆடையை இலவசமாக அணிந்துகொண்டு பெருநாள் தொழுகையில் நிற்கலாமா?

விற்கும் சகோதரர்களுக்கு

நம் சமுதாயத்தில் வியாபாரிகள் அதிகம். ஃபேன்சி பொருட்கள், காலணி, கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் என்று பல துறைகளில் இருக்கிறோம். “ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லித்தானே விற்கிறோம், மறைக்கவில்லையே” என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் அவரை ஏமாற்றிய குற்றம் நீங்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் உரிமை என்ன ஆகிறது? 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகப் பெயரும் வணிக முத்திரையும் அவற்றின் உரிமையாளர்களுக்குச் சொந்தமான, மதிப்புள்ள உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் தீர்மானித்துள்ளது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்படியும் இது குற்றமே.

மேலும், சொல்லித்தான் விற்கிறோம் என்பவரிடமிருந்து வாங்குபவர், அதை அசல் என்று சொல்லி ஆன்லைனில் விற்பதற்காகவே வாங்குகிறார் என்றால்? தெரிந்தே தருபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு இல்லையா? இலாபம் குறைந்தாலும் பெயர் இல்லாத நல்ல பொருளை அதன் உண்மைப் பெயரில் விற்பதே மேல். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும். இது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்த போதனை.

நிறைவாக...

இந்த இளைஞரின் விஷயம் முடிந்ததும் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். “பெரியம்மா! அன்று நான் உங்களுக்குச் சொன்னது போதாது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் பில் அப்படியே இருந்தது. கருவியையும் அவர்கள் தூக்கி எறியாமல் பீரோவில் வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் கடக்கவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. “காசு வருகிறதோ இல்லையோ, இன்னொருத்திக்கு இது போகாமல் இருந்தால் போதும் ஹஜ்ரத்” என்கிறார்கள் அவர்கள்.

சகோதரர்களே! போலிப் பொருள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே இருப்பது, வழியில் யாரும் அதைத் தடுத்து நிறுத்தாததால்தான். விற்பவர் மறைக்கிறார், ஏமாந்தவர் மௌனமாகிறார், அல்லது அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார். நம் கைக்கு வந்த போலி நம்மோடு நிற்கட்டும். நமக்குரியதைக் கேட்டுப் பெறுவோம்; நமக்குரியது அல்லாததைத் தொடாமல் இருப்போம்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தையும் செலவையும் ஹலாலாக்கி வைப்பானாக! பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக அவனைச் சந்திப்பதை விட்டும் நம்மையும் நம் சந்ததிகளையும் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!